ஆட்டத்துக்கு முன்பே வெந்த கோப்பை

கட்டிய மனைவியிடம் விசுவாசமாக இருக்கும் ஆண்களை விருத்தாசலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். தோற்றுக்கொண்டே இருக்கும் ஹாக்கி அணியிடம் விசுவாசமாக இருந்தவர்களை எண்ண ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல், தேவநாதன்.

ஆதிநாராயணனின் செராமிக் கம்பெனியில் பீங்கான் மேல் எழுத்து எழுதுவது அவர் வேலை. ஊறுகாய் ஜாடியில் 'மாங்காய்', 'நார்த்தங்காய்' என்று எழுதுவார். கல்யாண வீட்டில் கொடுக்கிற கோப்பைகளில் 'தாய்மாமன் அன்பளிப்பு' என்று எழுதுவார். தாய்மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகும் அந்த எழுத்து மட்டும் அழியாமல் அலமாரியில் நின்று இரண்டு வீட்டாரையும் முறைத்துக்கொண்டிருக்கும். அத்தனை சுத்தமான வேலை.

அவருக்கு ஹாக்கி மேல் காதல் வந்த கதையைக் கேட்டால் கல்லும் கரையும். எண்பத்தாறாம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய திடலில் பெருங்கூட்டம். அன்னதானம் என்று நினைத்துத்தான் தேவநாதன் போனார். கையில் தூக்குப் பாத்திரம்கூட இருந்தது. கூட்டத்தை விலக்கி, முண்டியடித்து, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். அவர் நின்ற இடம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் உள்ளே.

நெய்வேலி அணிக்காரர் ஒருவர் வீசி அடித்த பந்து, நேராக வந்து தேவநாதனின் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விழுந்தது. தூக்குப் பாத்திரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அம்பயர் அதைப் பார்க்கவில்லை. அவர் அப்போது விசிலுக்குள் போன மண்ணை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலம் அணியின் கோல்கீப்பர் சக்கரபாணி, ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலையில் இருந்தவர், குனிந்து அவரைத் தூக்கிவிட்டார்.

"எனக்கு வர வேண்டியது உங்களுக்கு வந்துடுச்சுங்க. நீங்க நிக்கலன்னா இன்னொரு கோலு போயிருக்கும்."

அன்றைக்கு விருத்தாசலம் ஆறு கோலில் தோற்றது. தேவநாதன் இல்லையென்றால் ஏழு. ஊருக்காக ஒரு கோலைத் தடுத்தவன் என்ற எண்ணம் அந்த நிமிஷமே எலும்பில் ஏறிவிட்டது. வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி அம்புஜவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அதே கம்பெனியில் பொம்மைப் பிரிவில், அச்சிலிருந்து வரும் பிள்ளையார்களின் பிசிறைத் துடைத்து மூக்கைத் திருத்துகிறவள்.

"சோறு எங்க?"

"அங்க ஹாக்கி போட்டாங்க."

"அதத்தான் வாங்கியாந்தீங்களா, கால்ல?"

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, வெடித்துப்போய் விற்க முடியாத பீங்கான் குழாய் ஒன்று அவருடைய நிரந்தர ஆசனமானது. மற்றவர்களுக்கும் அப்படிக் குழாய்கள் உண்டு என்றாலும் அவருடையது வளைவு கொண்டது, முதுகுக்கு இதம். ஆட்டத்தின் திடுக்கிடும் திருப்பங்களில் துள்ளி எழ வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை என்பதால் உட்கார வசதிதான் முக்கியம்.

அந்தத் திடலைப் பற்றிச் சொன்னால் இப்போதும் அவர் குரல் தழுதழுக்கும். மற்ற ஊர்களில் மைதானத்துக் கோட்டைச் சுண்ணாம்பில் போடுவார்கள். இங்கே கம்பெனியில் மிஞ்சிய வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். அது சீக்கிரம் காயாது. விழுந்து எழுந்தவர் யாராக இருந்தாலும் வெள்ளையாக எழுவார். அரை மணி நேரத்தில் இரண்டு அணியும் ஒரே நிறம். நம் ஆட்கள் அம்பயருக்குப் பந்தைத் தள்ளிவிட்டு, அவர் ஏன் ஓடாமல் நிற்கிறார் என்று கோபித்துக்கொண்டதும் உண்டு.

திருச்சி பாசஞ்சர் போகும் நேரம் இன்னும் விசேஷம். ரயில் வந்தால் விருத்தாசலம் அணி அப்படியே நின்று பார்க்கும். பிறந்ததிலிருந்து ரயில் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் மட்டையைத் தோளில் சாய்த்து, கடைசிப் பெட்டி மறையும் வரை பார்ப்பார்கள். சக்கரபாணியாவது தொழில் பக்தியில் பார்க்கிறார் என்று சொல்லலாம். முதலில் இதைக் கண்டு திகைத்த வெளியூர் அணிகள், பிறகு ரயில் நேரம் கேட்டுக்கொண்டு விளையாட வந்தன. வாங்கிய கோல்களில் பாதி பாசஞ்சர் கோல்.

ஒரு முறை பந்து உருண்டுபோய், களிமண் கரைக்கிற பள்ளத்தில் விழுந்துவிட்டது. இரண்டு அணியும் இடுப்பு வரை சேற்றில் இறங்கித் தேடினார்கள். இருட்டும் வரை கிடைக்கவில்லை. ஆட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அந்த வருஷம் உள்ளூரில் நம் அணி தோற்காத ஒரே ஆட்டம் அதுதான். வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். தேவநாதன் கண்கலங்கினார். பந்து மறுவாரம் மண்ணோடு மண்ணாக அரைபட்டு, ஒரு தொகுதி டீக் கோப்பைகளின் நிறத்தைக் கெடுத்தது தனிக்கதை.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் சட்டையை மாட்டும்போது வீட்டில் நடக்கும் பேச்சும் மாறியதில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கிரவுண்டுக்கு."

"போன வாரம் வாங்கினது பத்தலையா?"

"ஒருவேளை இன்னிக்கு…"

"ஒருவேள சோறு வூட்ல இருக்குது. அதத் தின்னுட்டுப் போயி ஒக்காந்து அழுவுங்க."

இப்படிப்பட்ட அணிக்கு ஒரு கோப்பையும் உண்டு. தை மாதம் நெய்வேலி அணியுடன் நடக்கும் ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு அது. ஆதிநாராயணன்தான் ஹாக்கி கிளப்புக்கும் செயலாளர். கடலூரில் போய்ப் பித்தளைக் கோப்பை வாங்கலாம் என்று யாரோ சொன்னபோது அவருக்கு மானம் பொங்கிவிட்டது.

"பீங்கான் ஊருய்யா இது. நம்ம சூளையில வெந்த கப்புதான் குடுக்கணும். பேரும் அதுலயே வேவணும்."

பேரும் வேக வேண்டும் என்பதில்தான் சிக்கல். பீங்கானில் எழுத்து அழியாமல் நிற்க வேண்டுமானால் சூளைக்குப் போகும் முன்பே எழுத வேண்டும். எழுதி, வெள்ளைக் குழம்பில் முக்கி எடுத்தால் எழுத்து முழுக்க மறைந்துவிடும். சூளையில் வெந்து, ஆறி, வெளியே வரும்போதுதான் குழம்பு கண்ணாடியாகி, எழுத்து நீலமாகத் தெரியும். இதற்கெல்லாம் ஒரு வாரம் போல ஆகும். அதாவது, ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஜெயித்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

வேறு ஊராக இருந்தால் திண்டாடியிருப்பார்கள். விருத்தாசலத்தில் அந்தக் கஷ்டமே இல்லை. கிளப் கமிட்டி கூடும். டீ வரும். டீ ஆறுவதற்குள் ஆதிநாராயணன் சொல்வார்: "நெய்வேலின்னே போட்டுடு." எதிர்ப்பே இருக்காது.

ஒரு தடவை சக்கரபாணி மட்டும் கேட்டார். "எதுக்கும் நம்ம பேருல ஒண்ணு, அவங்க பேருல ஒண்ணு செஞ்சி வைக்கலாமே மொதலாளி?"

"நம்ம பேரு போட்ட கப்ப அப்புறம் எங்க வைக்கிறது? என் வூட்லயா?"

இப்படியாக ஒவ்வொரு தை மாதமும், ஊரிலேயே இந்த அணியை நேசித்த ஒரே மனிதர் தன் கையாலேயே 'நெய்வேலி' என்று அழகாக, சுழி சுழித்து எழுதினார். காதலித்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைத் தானே அச்சுக் கோத்த பிரஸ்காரனின் நிலைமை. அவனாவது ஒரு தடவையோடு தப்பித்தான். தேவநாதனுக்கு வருஷா வருஷம் முகூர்த்தம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வந்தது. சக்கரபாணிக்கு முழங்கால் போய்விட்டது. குனிந்தால் நிமிர நேரமாகும், அதற்குள் இரண்டு கோல் போய்விடும். தை ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் டீக்கடையில் அவர் தேவநாதனிடம் மனம் திறந்தார்.

"கப்பு வேணான்னு வச்சிக்க தேவா. அதுல நம்ம ஊரு பேர ஒரே ஒரு வாட்டி பாத்துட்டா போதும். பாக்காமயே போயிடுவேன் போலருக்குது."

"போன வாரம் ஜெயிச்சோம் இல்ல?"

"அவனுங்க பஸ்ஸு பிரேக் டவுன் ஆயி ஏழு பேருதான் வந்தானுங்க. அதுல ஒருத்தன் டிரைவரு."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

இந்த மகத்தான வெற்றியும் சக்கரபாணியின் முழங்காலும் சேர்ந்து தேவநாதனை ஏதோ செய்துவிட்டன. கமிட்டி வழக்கம்போல் டீ குடித்துக் கலைந்தது. மறுநாள் அவர் கோப்பையை மடியில் வைத்து, தூரிகையை நீலத்தில் தோய்த்து, 'நெய்வேலி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'விருத்தாசலம்' என்று எழுதினார். வெள்ளைக் குழம்பில் முக்கினார். எழுத்து மறைந்தது. கோப்பை பால் முகத்தோடு, ஒன்றும் அறியாத பிள்ளை போல் சூளைக்குள் போனது. அந்த வாரம் முழுக்க தேவநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. பித்தம் என்று அம்புஜவல்லி இஞ்சிச் சாறு கொடுத்தாள்.

ஆட்டத்தன்று காலையில் சூளையைத் திறந்தார்கள். ஆதிநாராயணன் கோப்பையைக் கையில் வாங்கித் துடைத்தார். நின்றார். மறுபடி துடைத்தார். துடைத்தால் போகிற எழுத்தா அது.

"யோவ் தேவநாதா. இது யாரு பேரு?"

"நம்ம பேருதாங்க மொதலாளி."

"எனக்குப் படிக்கத் தெரியும்யா. ஏன் இருக்குதுன்னு கேக்கறேன்."

"இந்த வாட்டி ஜெயிக்கலாம்னு…"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"யாரும் சொல்ல மாட்டான். குடிச்சவன்கூடச் சொல்ல மாட்டான். நீ எழுதியே வச்சிட்ட." அவர் குரல் இறங்கியது. இறங்கினால்தான் பயம். "நெய்வேலிக்காரங்க ஜெயிச்சு, கப்ப வாங்கிப் பாத்து, தோத்தவன் பேர எங்களுக்குக் குடுக்கறியான்னு கேட்டாங்கன்னு வச்சிக்க. அங்கேருந்து கேன்டீனுக்கு எடுக்கற கப்பு சாசர் ஆர்டரு அத்தோட போச்சு. அப்புறம் நாளைலேருந்து நீ வர வேணாம். உன் பெண்டாட்டியும் வர வேணாம்."

பொம்மைப் பிரிவில் வேலை நின்றது. எல்லோரும் அம்புஜவல்லியைப் பார்த்தார்கள். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தயாராக எடுத்துவிட்டாள். அம்புஜவல்லி கையிலிருந்த பிள்ளையாருக்கு மூக்கைத் திருத்தி முடித்து, பலகையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆட்டம் எத்தினி மணிக்கு?"

ஏழு வருஷமாக எட்டிப் பார்க்காத திடலுக்கு அன்று அவள் ஒரு கோணிச் சாக்கோடு வந்தாள். கணவனின் குழாய்க்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள்.

"இதுல நம்மாளுங்க யாரு?"

"பச்ச பனியனு."

"அந்த வெள்ள டவுசரு ஏன் மட்டையில்லாம ஓடறான்?"

"அவரு அம்பயரு."

"நான் பாத்த வரைக்கும் அந்த ஆளுதான் நல்லா ஓடறாரு. அவர நம்ம பக்கம் சேத்துக்க வேண்டியதுதான?"

இடைவேளை வரை கோலே விழவில்லை. இது அதிசயமா, நெய்வேலிக்காரர்கள் பொங்கல் சாப்பாட்டின் மயக்கத்தில் இருந்தார்களா என்பது இன்றுவரை விளங்கவில்லை. எலுமிச்சம்பழத் துண்டு முதலில் வெளியூராருக்குப் போனது. விருந்தோம்பலில் நம் ஊர் ஒருபோதும் தோற்றதில்லை, கோல் கொடுப்பதிலும் சரி, பழம் கொடுப்பதிலும் சரி.

இடைவேளைக்குப் பிறகு திருச்சி பாசஞ்சர் வந்தது. பச்சை பனியன்கள் வழக்கப்படி நின்றன. மட்டைகள் தோளில் சாய்ந்தன. நெய்வேலிக்காரர்களுக்கும் இது வருஷக்கணக்கில் பழகிப்போன விஷயம். எப்படியும் யாரும் நகரப்போவதில்லை என்று பின்னால் நின்றவர்கள் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அம்புஜவல்லி எழுந்தாள். "ஏண்டா, ரயிலுல உங்க மாமியாளா வர்றா? பந்தப் பாருங்கடா."

ரயில் சத்தத்தையும் மீறிய அந்தக் குரலில் பயந்துபோன நம் ஆள் ஒருவன், எதற்கும் இருக்கட்டும் என்று பந்தை ஓங்கி அடித்தான். சாக்ஸுகளைத் தாண்டி அது கோலுக்குள் போனது.

கைதட்ட வேண்டும் என்பதே யாருக்கும் நினைவு வரவில்லை, பழக்கம் இல்லை. பிறகு ஆதிநாராயணனே முதலில் தட்டினார். நடந்து வந்து தேவநாதனின் தோளில் கை வைத்தார். "எனக்குத் தெரியும்யா. நம்ம பசங்க மேல எனக்கு நம்பிக்க இருந்துது."

அந்த நம்பிக்கை கால் மணி நேரம் நீடித்தது. நெய்வேலி ஒரு கோலைத் திருப்பியது. ஆதிநாராயணனின் கை தோளிலிருந்து நழுவியது. கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு பெனால்ட்டி கார்னர் கிடைத்தது. பந்து அடிக்கப்பட்டது. சக்கரபாணி குனிந்தார். நிமிர முடியவில்லை. பந்து கம்பத்தின் ஓரமாக, தேவநாதனின் குழாய்க்கு ஒரு முழம் உள்ளே உருண்டு வந்தது. எண்பத்தாறில் அவர் காலில் விழுந்த பந்து வந்த அதே பாதை.

"கால நீட்டுங்க," என்றாள் அம்புஜவல்லி, உதடு அசையாமல்.

தேவநாதன் நீட்டவில்லை. தர்மம் அவரைத் தடுத்தது என்று பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டார். உண்மையில், வளைந்த குழாயில் வெகுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. பந்து உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததாக அம்பயர் விசில் ஊதினார்.

பரிசளிப்பு மேஜைக்கு முன்னால் ஆதிநாராயணன் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் மூடிப் பிடித்திருந்தார், அடைகாக்கிற கோழி மாதிரி. நெய்வேலி கேப்டன் அன்புச்செல்வன் கை நீட்டினார். ஆதிநாராயணன் விடவில்லை. இவர் இழுக்க, அவர் இழுக்க, அன்றைக்கு நடந்ததிலேயே நல்ல ஆட்டம் அதுதான். கடைசியில் அதிலும் நெய்வேலி ஜெயித்தது.

அன்புச்செல்வன் கோப்பையைத் திருப்பினார். படித்தார். தேவநாதன் அம்புஜவல்லியின் கோணிச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளையிலிருந்து அதை விரித்து எந்தக் கடைத்தெருவில் உட்காருவது என்று தோன்றியது. அம்புஜவல்லி கேப்டனின் முகத்தையே பார்த்தாள்.

"பரவால்லியே சார்," என்றார் அன்புச்செல்வன். "இப்பதான் ஒங்களுக்குப் புத்தி வந்திருக்குது."

"தம்பி, அது வந்து…"

"இத்தினி வருசமா எங்க பேரையே போட்டுக் குடுத்தீங்க. கிளப்ல அடுக்கி வச்சிருக்கோம். பாக்கறவனெல்லாம், நீங்களே செஞ்சி நீங்களே வச்சிக்கிட்டீங்களான்னு கேக்கறான். எந்த ஊர்ல ஜெயிச்சோம்னு பேரு போட்டாத்தான சார் நம்புவாங்க? நல்ல எழுத்து. யாரு எழுதினது?"

ஆதிநாராயணன் நிமிர்ந்தார். வேர்வையைத் துடைத்தார். "ஐடியா என்னுது. எழுதினது நம்ம தேவநாதன். இனிமே வருசா வருசம் இப்படித்தான் போடச் சொல்லியிருக்கேன்."

அம்புஜவல்லி கணவனின் இடுப்பில் முழங்கையால் இடித்தாள். சிரிக்கச் சொல்கிறாளா, அழாமல் இருக்கச் சொல்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. வேலை தப்பியது. ஊர்ப் பேர் போட்ட கோப்பை மட்டும் நெய்வேலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

சக்கரபாணி காலில் கட்டிய பேடோடு தத்தித் தத்தி வந்தார். "கொஞ்சம் குடுங்க தம்பி. பாத்துட்டுத் தரேன்."

வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்தின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். களிமண் படிந்த முகத்தில் இரண்டு கோடு இறங்கியது. திடலில் போட்ட எந்தக் கோட்டையும் விட அது நேராக இருந்தது.

"நல்லாருக்குது தேவா. 'ரு' மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்குது."

"சூளையில சாஞ்சிருக்கும்."

"கை நடுங்கலயே?"

"நடுங்கல," என்றார் தேவநாதன். அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தை மாதம் கமிட்டி கூடவே இல்லை. பெயர் முடிவாகிவிட்டதே. தேவநாதன் மறைக்காமல், எல்லோரும் பார்க்க, 'விருத்தாசலம்' என்று சுழித்து எழுதினார். அணி ஐந்து கோலில் தோற்றது. தொண்ணூறுகள் முடியும் வரை யார் ஜெயித்தாலும் கோப்பையில் விருத்தாசலம்தான். இப்படி ஒரு சாதனை வேறெந்த அணிக்கும் கிடையாது.

அந்த ஐந்து கோல் ஞாயிற்றுக்கிழமை, கோணிச் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்புஜவல்லி முன்னால் நடந்தாள். தேவநாதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

"அஞ்சு கோலு."

"போனா போவுது. பேரு ஜெயிக்க ஆரம்பிச்சிடுச்சி," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஆளுங்க மெதுவா வரட்டும்."